ஈயச்சொம்பு கேட்டால் ஈயச்சொம்பு வர வேண்டும்

சென்னை நங்கநல்லூர் கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடைக்குப் போய், "ரசம் வைக்க ஒரு சொம்பு வேணும்" என்று கேட்டால் கடைக்காரர் பதிலுக்கு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "வீட்ல எத்தனை பேரு மாமி?" நாலு பேர் என்றால் அதற்கேற்ற ஈயச்சொம்பை மேல்தட்டிலிருந்து எடுத்து, துடைத்து, முன்னால் வைப்பார். மாமி என்ன உலோகம் என்று சொல்லவில்லை, எத்தனை லிட்டர் என்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதையெல்லாம் கடைக்காரர் தன் அனுபவத்தால் நிரப்பிக்கொண்டார்.

முழங்கால் வலிக்காரர்களும் தனியாக வசிக்கும் பெரியவர்களும் நிறைந்த பேட்டை இது. பிள்ளைகள் பலருக்கு வெளிநாட்டில் வேலை. கடைத்தெருவுக்கு நடக்க முடியாத நாளில் போனில் தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. அப்போது அந்தக் கடைக்காரரின் இடத்தில் ஒரு தேடல் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பெட்டியை எளிமையாக்குவது என்றதும் பல வடிவமைப்பாளர்கள் பொத்தான்களைக் குறைக்கிறார்கள், திரையை வெள்ளையாக்குகிறார்கள். திரை வெறுமையாக இருப்பதால் மட்டும் வாங்குகிறவருக்கு வேலை குறைந்துவிடாது. கடைக்காரர் செய்த ஊகத்தை இயந்திரம் செய்ய மறுத்தால், அந்த வேலை முழுவதும் எழுபது வயதுக்காரர் தலையில் விழும். சரியான எழுத்துக்கூட்டலைக் கண்டுபிடிப்பது, நூற்றுக்கணக்கான படங்களை உருட்டிப் பார்ப்பது, விளம்பரம் எது சரக்கு எது என்று பிரிப்பது எல்லாம் அவர் பொறுப்பாகிவிடும். இந்த வேலையை எவ்வளவு தூரம் இயந்திரத்தின் பக்கம் தள்ள முடியும் என்பதுதான் இதிலுள்ள அறிவியல்.

சொல்லைப் போட்டதும் இயந்திரம் கோடிக்கணக்கான பொருள்களை ஒவ்வொன்றாகப் புரட்டுவதில்லை. புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவைப் போல ஒன்றை முன்கூட்டியே தயாரித்து வைத்திருக்கும். "பித்தளை" என்ற சொல்லுக்கு எதிரே அது இடம்பெறும் பொருள்களின் எண்கள், "குத்துவிளக்கு" என்ற சொல்லுக்கு எதிரே அதற்குரிய எண்கள். இரண்டு பட்டியலிலும் இருப்பவற்றை எடுத்து வரிசைப்படுத்தினால் விடை. எந்தச் சொல்லுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்ற கேள்விக்கு 1972-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் ஒரு தெளிவான விடை சொன்னார்: எல்லா இடத்திலும் வரும் சொல்லுக்கு மதிப்பு குறைவு, அரிதாக வரும் சொல்லுக்கு மதிப்பு அதிகம். "பித்தளை குத்துவிளக்கு செட்" என்ற தேடலில் "செட்" லட்சக்கணக்கான பொருள்களின் பெயரில் இருக்கும், "குத்துவிளக்கு" சிலவற்றில்தான் இருக்கும். ஆகவே விளக்கு முன்னால் வரும், டம்ளர் செட் பின்னால் போகும். இன்றைய தேடல் தளங்கள் பலவற்றுக்கும் அடியில் இந்தக் கருத்து இன்னும் வேலை செய்கிறது.

இதுவரை எந்த மொழிக்கும் பொது. தமிழுக்கு வந்தால் முதல் படியிலேயே ஒரு பள்ளம் இருக்கிறது. "சொம்பு" என்ற சொல்லில் நம் கண்ணுக்கு மூன்று எழுத்துகள். கணினிக்கு அது யூனிகோடு எண்களின் வரிசை: சகரம், ஒகரக் குறி, மகரம், புள்ளி, பகரம், உகரக் குறி என ஆறு. ஆனால் ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம், முன்னால் ஒற்றைக்கொம்பும் பின்னால் துணைக்காலுமாக இரண்டு எண்களாகவும் எழுதலாம். இரண்டும் திரையில் ஒரே மாதிரி தெரியும். விற்பவர் ஒரு முறையில் பதிந்து, வாங்குபவரின் விசைப்பலகை இன்னொரு முறையில் எழுதினால், இயந்திரத்துக்கு அவை வெவ்வேறு சொற்கள். விடை, "எதுவும் கிடைக்கவில்லை". இரண்டு வடிவங்களையும் ஒன்றாக்கும் விதி யூனிகோடு தரத்திலேயே இருக்கிறது. தேடல் பெட்டி அதைச் செயல்படுத்தினால் போதும்.

சௌசௌ விஷயம் இதைவிடக் கடினம். ஔகாரக் குறியின் இறுதிப் பகுதி ளகரம் போலவே இருப்பதால், பலர் ஒற்றைக்கொம்பு போட்ட சகரத்தையும் தனி ளகரத்தையும் சேர்த்தே தட்டச்சு செய்கிறார்கள். இதை யூனிகோடு விதி சரிசெய்யாது, தமிழ் தெரிந்தவர்தான் தனியாக விதி எழுத வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எல்லா இடத்திலும் மாற்றினால் "கெளுத்தி மீன்" சிதைந்துபோகும், "தெளிவு" கெட்டுவிடும். ளகரத்தின் மேல் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். காய்கறி தேடுகிறவருக்கு இந்த நுணுக்கம் எதுவும் தெரிய வேண்டியதில்லை, சௌசௌ வந்தால் போதும்.

வேற்றுமை உருபுகளைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் சொல்லின் வாலை வெட்டி வேர்ச்சொல்லை எடுக்கும் ஒரு புகழ்பெற்ற முறையை மார்ட்டின் போர்ட்டர் 1980-இல் வெளியிட்டார். வாலில் பெரிதாகப் பொருள் இல்லாத மொழிக்கு அது நன்றாகப் பொருந்தும். தமிழில் வாலில்தான் பாதி செய்தி இருக்கிறது. "விளக்குக்குத் திரி" என்று ஒருவர் தேடினால் அவருக்கு வேண்டியது திரி. அந்தக் "கு" உருபு அதைச் சொல்லிவிட்டது. வாலை வெட்டி "விளக்கு", "திரி" என்று இரண்டு சொற்களாக்கினால், விலை அதிகமான விளக்குகள் முதல் இரண்டு பக்கங்களை நிரப்பிவிடும். "மூடி இல்லாத டப்பா" என்றால் மூடி போட்ட டப்பாவே முதலில் வரும், ஏனென்றால் "மூடி", "டப்பா" இரண்டும் அதன் பெயரில் இருக்கின்றன. உருபைத் தூக்கி எறியாமல், யாருக்கு எது என்ற உறவாக அதைப் படிக்கும் தேடல்தான் தமிழ்த் தேடல். 2020 ஜூனில் ஃபிளிப்கார்ட்டும் அதே ஆண்டு செப்டம்பரில் அமேசானும் தங்கள் ஆப்பில் தமிழைச் சேர்த்தன. நல்ல தொடக்கம். ஆனால் மெனுவையும் பொத்தானையும் தமிழாக்குவது மொழிபெயர்ப்பு வேலை. தேடலைத் தமிழாக்குவதற்கு இலக்கணம் தெரிந்த பொறியாளர்கள் வேண்டும்.

பெரும்பாலானோர் தமிழ் எழுத்தில் தேடுவதும் இல்லை. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள். "ஈய" என்பதை இரண்டு ஈ போட்டோ, ஒரு ஈ போட்டோ, ஐ போட்டோ, ஐயும் இரண்டு ஒய்யுமாகவோ எழுதலாம். "சொம்பு" எஸ்ஸில் தொடங்கலாம், சிஎச்சில் தொடங்கலாம். நடுவில் p வரலாம் அல்லது b வரலாம். முடிவில் யு, அல்லது இரண்டு ஓ. நாலை எட்டால் பெருக்கினால் 32 எழுத்துக்கூட்டல்கள், எல்லாமே நியாயமானவை. இவற்றில் எதையும் பிழை என்று ஒதுக்க முடியாது.

இங்கே இரண்டு கருவிகள் உதவுகின்றன. ஒன்று, ரஷ்யக் கணிதர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965-இல் வரையறுத்த திருத்தத் தூரம். ஒரு சொல்லை இன்னொன்றாக மாற்ற எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்ற எண்ணிக்கை அது. "குத்துவிலக்கு" என்று அடித்தால் ஒரே மாற்றத்தில் குத்துவிளக்கு வந்துவிடும். தமிழுக்கு இதைக் கொஞ்சம் செதுக்க வேண்டும்: ல-ள-ழ, ர-ற, ந-ன-ண மாற்றங்களுக்கு அபராதம் குறைவாகவும் மற்றவற்றுக்கு அதிகமாகவும் வைக்க வேண்டும். அப்போதும் எச்சரிக்கை தேவை. "மணை", "மணி" இரண்டுக்கும் ஒரே ஒரு குறிதான் வேறுபாடு. இரண்டும் பூஜைக்கு வாங்கும் பொருள்கள். மணை கேட்டவருக்கு மணியைக் காட்டிவிட்டு "திருத்தித் தந்தோம்" என்று சொல்வது உதவியாகாது. அகராதியில் உள்ள சொல்லைத் திருத்தக் கூடாது, சந்தேகம் வந்தால் கேட்க வேண்டும்.

இன்னொரு கருவி நமக்கு அருகிலேயே உருவானது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் ஆய்வுக்குழு, ஆங்கில எழுத்தில் அடித்த இந்தியச் சொற்களைத் தாய்மொழி எழுத்துக்கு மாற்றும் இண்டிக்எக்ஸ்லிட் என்ற மாதிரியை உருவாக்கியது. அதைப் பயிற்றுவிக்க 21 இந்திய மொழிகளில் ஏறத்தாழ 2.6 கோடி சொல் இணைகளைத் திரட்டி, அக்ஷராந்தர் என்ற பெயரில் எல்லோரும் பயன்படுத்தும்படி வெளியிட்டார்கள். சின்னக் கடைக்காரர் ஒருவர் தன் தளத்தில் தமிழ்த் தேடல் வைக்க நினைத்தால், எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டிய நிலை இனி இல்லை.

எழுத்துக்கூட்டல் சரியாகவே இருந்தாலும் பொருள் பிசகலாம். "மிக்சர்" என்று தேடுகிறவருக்கு என்ன வேண்டும்? வடநாட்டு விற்பனையாளர் அரைக்கும் இயந்திரத்துக்கு அந்தப் பெயர் வைத்திருக்கிறார். நாம் அதை மிக்ஸி என்போம். மிக்சர் நமக்கு ஓமப்பொடியும் வேர்க்கடலையும் கலந்த தின்பண்டம். இதைத் தீர்க்க இயந்திரத்துக்கு அகராதி போதாது. இந்தச் சொல்லைத் தேடியவர்கள் பிறகு எதைத் தொட்டார்கள், எதை வாங்கினார்கள் என்ற பதிவுதான் வழிகாட்டும். தீபாவளிக்கு முந்தின வாரத்தில் சென்னையிலிருந்து வரும் தேடலும் ஆடித் தள்ளுபடியின்போது வரும் தேடலும் வேறு வேறு விடையைக் கேட்கலாம். உறுதி இல்லாதபோது மேலே இரண்டு படங்களை வைத்து "எது?" என்று கேட்பதே நேர்மையான வழி என்பேன். ஒரே ஒரு தொடுதல், குழப்பம் தீர்ந்துவிடும்.

இப்போது ஃபில்டர்களுக்கு வருவோம். தேடல் பக்கத்தில் விலை, அளவு, உலோகம், பிராண்டு என்று வரிசையாகத் தேர்வுகள் வருகின்றனவே, அந்தச் சிந்தனையின் வேர் சேப்பாக்கத்தில் இருக்கிறது. சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக நியமிக்கப்பட்டு, நூலகக் கலை கற்க லண்டனுக்குப் போனார். அங்கே நூலகங்கள் புத்தகங்களை அடுக்கும் முறை அவருக்குத் திருப்தி தரவில்லை. அமெரிக்கர் மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட தசம முறையில், உலகத்தில் உள்ள பாடங்களை எல்லாம் முன்கூட்டியே பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருந்தது. புதிய பாடம் ஒன்று பிறந்தால் அதற்கு இடம் இருக்காது.

லண்டனின் செல்ஃபிரிட்ஜஸ் கடையில் மெக்கானோ என்ற பொம்மைத் தொகுப்பைச் செய்து காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரே கம்பிகளையும் தகடுகளையும் திருகாணிகளையும் வெவ்வேறாக இணைத்து விதவிதமான பொம்மைகளை ஆக்கலாம். ரங்கநாதனுக்கு வழி புலப்பட்டது. முழுப் பாடங்களைப் பட்டியலிடாமல், பாடத்தின் கூறுகளைத் தனித்தனியே பட்டியலிட்டு, தேவைப்படும்போது இணைத்துக்கொள்ளலாம். இணைக்கும் திருகாணியாக அவர் எடுத்துக்கொண்டது முக்காற்புள்ளி. 1933-இல் சென்னையில் வெளியான அவருடைய கோலன் பகுப்புமுறைக்குப் பெயர் அப்படித்தான் வந்தது. "1950-களில் இந்தியாவில் நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ்-கதிர் சிகிச்சை" என்ற ஒரு புத்தகத்தை நோய், உறுப்பு, சிகிச்சை, இடம், காலம் என்று பிரித்தால், எந்தக் கூறு வழியாக வந்தாலும் அதை அடையலாம். பின்னாளில் எல்லாக் கூறுகளையும் தனித்துவம், பொருள், ஆற்றல், இடம், காலம் என்ற ஐந்து அடிப்படை வகைகளில் அவர் அடக்கினார்.

இணையக் கடையின் ஃபில்டர் செய்வதும் இதைத்தான். "சமையலறை > பாத்திரம் > ரசப்பாத்திரம்" என்ற ஒற்றைக் கிளை வழியில் இறங்கச் சொன்னால், கடை எந்தக் கிளையில் வைத்திருக்கிறது என்பதை வாங்குகிறவர் ஊகிக்க வேண்டும். கூறுகளாகப் பிரித்துவிட்டால் உலோகத்தில் தொடங்கலாம், விலையில் தொடங்கலாம், அளவில் தொடங்கலாம், எல்லா வழியும் அதே சொம்புக்கு வரும். 1999-இல் அமெரிக்காவில் தொடங்கிய எண்டெகா நிறுவனம் இந்த முறையை வணிகத் தளங்களுக்கு விற்றது. அதை 2011-இல் ஆரக்கிள் வாங்கியது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மார்ட்டி ஹெர்ஸ்ட் குழு ஃபிளமென்கோ என்ற ஆய்வுத் திட்டத்தின் மூலம் இந்த முறையை மக்களிடம் சோதித்துப் பார்த்தது. கூறுவழிப் பகுப்பு என்ற சிந்தனையை எல்லோருக்கும் முன்பே நூலக அறிவியலில் முழுமையான முறையாக நிறுவியவர் நம் சென்னை நூலகர்.

ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. தேடல் தளம் கட்டும் ஒவ்வொரு பொறியாளரும் அந்தப் புத்தகத்தை ஒருமுறையாவது படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். எத்தனை ஃபில்டர் வைப்பது என்ற கேள்விக்கு அந்த விதியே விடை தருகிறது. சொம்பு தேடுகிறவருக்கு நிறம் என்ற ஃபில்டரால் ஒரு பயனும் இல்லை. எடை உதவும், ஏனென்றால் ஈயச்சொம்பு எடைக்குத்தான் விலை. உலோகம் மிகமிக உதவும்.

உலோகம் ஏன் என்று சொல்ல வேண்டும். ரசச்சொம்பு செய்வது வெள்ளீயத்தில். அது 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதனால்தான் வெறும் சொம்பை அடுப்பில் வைக்காமல், நீரோ ரசமோ ஊற்றிய பிறகே வைக்க வேண்டும் என்று வீட்டில் சொல்வார்கள். பேச்சுவழக்கில் "ஈயம்" என்று சொல்லிவிடும் இன்னொன்று காரீயம். அது நஞ்சு, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். புளிப்பான ரசம் கொதிக்கும் பாத்திரத்தில் அது கலந்திருக்கவே கூடாது. இரண்டையும் ஒரே பெயரில் காட்டும் தளம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு அது நல்ல தளம் இல்லை. "உலோகம்: வெள்ளீயம்" என்று ஒரு கூறு தெளிவாக இருந்து, அதற்கான சோதனைச் சான்றும் பக்கத்திலேயே இருந்தால், தேடல் வசதியோடு உடல்நலப் பாதுகாப்பும் சேர்ந்து கிடைக்கும்.

ஆனால் கூறுகள் தாமாக நிரம்பாது. ஒரு விற்பனையாளர் "டின்" என்று எழுதுவார், ஒருவர் "ஈயம்" என்று எழுதுவார், ஒருவர் அந்த இடத்தைக் காலியாகவே விடுவார். இந்தச் சிக்கலோடு முதலில் மோதியவர்களில் இருவர் சென்னை ஐஐடியில் படித்தவர்கள்: ஆனந்த் ராஜாராமன், வெங்கி ஹரிநாராயண். ராகேஷ் மாத்தூர், ஆஷிஷ் குப்தா ஆகியோருடன் சேர்ந்து 1996-இல் அவர்கள் தொடங்கிய ஜங்லீ, பல இணையக் கடைகளில் சிதறிக் கிடக்கும் பொருள் விவரங்களையும் விலைகளையும் படித்தெடுத்து, ஒரே தரவுத்தளத்தில் தேடுவதுபோல் ஒப்பிட்டுக் காட்டியது. ஒவ்வொரு கடையின் பக்கமும் ஒவ்வொரு மாதிரி. ஒன்றில் விலை மேலே இருக்கும், இன்னொன்றில் அட்டவணைக்குள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பிரித்தெடுக்கும் நிரல் எழுதி, எல்லாவற்றையும் ஒரே அமைப்புக்குள் கொண்டுவந்ததுதான் அவர்களின் சாதனை. 1998-இல் அமேசான் ஜங்லீயை வாங்கிக்கொண்டது. 2012-இல் அதே பெயரில் இந்தியாவுக்கென ஒரு பொருள் தேடல் தளத்தைத் தொடங்கியது. தேடுகிறவர் கண்ணில் ஒரு பெட்டி மட்டுமே படும்படி, விவரங்களைச் சுத்தப்படுத்தும் கடும் உழைப்பைப் பின்னால் ஏற்றுக்கொண்ட அந்த முறை இன்றும் பின்பற்றத் தக்கது.

கண்ணுக்கும் விரலுக்கும் வேண்டியவை ஏற்கெனவே வரையறுக்கப்பட்டவை, செய்தால் போதும். அறுபது வயதில் விழித்திரையை எட்டும் ஒளி, இருபது வயதில் எட்டுவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். வெளிர்ச்சாம்பல் எழுத்தை வெள்ளைப் பின்னணியில் போடுவது பெரியவர்களை வெளியே நிறுத்துவது. இணைய அணுகல் விதிகள் எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிமாறுபாடு கேட்கின்றன. பொத்தான் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் இருந்தால் நடுங்கும் விரலும் தொடும். விடை ஒரு வினாடிக்குள் வந்தால் எண்ண ஓட்டம் அறுபடாது, பத்து வினாடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும்.

இதையெல்லாம் செய்தும் ஒரு தளம் தேடுகிறவரின் நேரத்தையும் பணத்தையும் வீணாக்கலாம், வேண்டுமென்றே. தேடல் விடையின் முதல் இரண்டு வரிசைகள் பணம் கட்டியவர்களுக்கு ஒதுக்கப்பட்டு, "விளம்பரம்" என்ற சொல் கண்ணுக்குப் படாத அளவில் இருந்தால், நல்ல எழுத்துரு எதற்கு? 2020 ஜூலையில் வந்த இந்திய மின்வணிக விதிகள், பொருள்களை எந்த அளவுகோல்களின்படி வரிசைப்படுத்துகிறார்கள் என்பதை எளிய மொழியில் விளக்க வேண்டும் என்று சந்தைத் தளங்களுக்குக் கட்டளையிடுகின்றன. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 ஏமாற்று வடிவங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. மாறுவேட விளம்பரம், கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது, போலி அவசரம், கடைசிப் படியில் கட்டணம் ஏற்றுவது ஆகியவை அதில் உண்டு. இந்தப் பட்டியலைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சடித்து நங்கநல்லூர் நடைப்பயிற்சிப் பூங்காக்களில் ஒட்டினால் நல்லது. "இன்னும் 2 மட்டுமே உள்ளது" என்ற சிவப்பு எழுத்தைப் பார்த்துப் பதறி வாங்கும் பெரியவர்களுக்கு, அந்த எண்ணிக்கை பொய்யாக இருந்தால் புகார் செய்யும் உரிமை உண்டு என்பது தெரிய வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

சோதனை மட்டும் பாக்கி. 1993-இல் ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் ஒரு கணக்கைக் காட்டினார்கள். ஒரு பயனர் சராசரியாக ஒரு தளத்தின் குறைகளில் 31 சதவீதத்தைக் கண்டுபிடிக்கிறார் என்று கொண்டால், ஐந்து பேர் சேர்ந்து ஏறத்தாழ 85 சதவீதத்தை வெளிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஆயிரம் பேர் கணக்கெடுப்பு தேவையில்லை. ஐந்து பேருக்கும் சொந்தப் போனையே கொடுத்து, அவர்கள் வழக்கமாக அணியும் கண்ணாடியோடு உட்காரவைத்து, நிஜமான வேலை கொடுக்க வேண்டும்: நாலு பேருக்கான காபி ஃபில்டர், ரத்த அழுத்தக் கருவிக்குக் கைப்பட்டை மட்டும், அகல்விளக்குக்குத் திரி. பக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கக் கூடாது. எங்கே விரல் தயங்குகிறது, எந்தச் சொல்லை இரண்டாவது முறை வேறு மாதிரி அடிக்கிறார்கள், எந்த இடத்தில் "நீயே பாத்து வாங்கிக் குடுத்துடும்மா" என்று போனை நீட்டுகிறார்கள் என்று குறித்துக்கொண்டால் போதும். குறைகளைத் திருத்திய பிறகு வேறு ஐந்து பேரை அழைக்க வேண்டும், ஏனென்றால் முதல் ஐவருக்கும் அந்தத் தளம் அதற்குள் பழகிப்போயிருக்கும்.